நாலாவது மூலை

முடிச்சூர்
16.6.2024

தங்கச்சி ஹேமாவதிக்கு அண்ணன் ஜெயவேலு எழுதறது. இங்க நானு, சரசு ரெண்டு பேரும் நல்லா கீறோம். உன் முட்டி வலி எப்டி கீது? மாப்ள சிவகுமாரு சுகர் மாத்திரய ஒழுங்கா போட்றாரா, இல்ல இன்னும் டப்பாவுலயே வெச்சுக்கினு கீறாரா?

செம்பாக்கத்துக்கும் முடிச்சூருக்கும் எட்டு கிலோமீட்டரு. தண்ணி லாரிய எடுத்தா அரை அவுரு. இதுக்குப் போய் இன்னாத்துக்கு லெட்டருன்னு கேப்ப. பத்திரம் பதிஞ்ச அன்னிக்கி சாயங்காலமே அங்காளம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ட்டேன், இனிமே உங்கூட வாய் பேசறது இல்லன்னு. நடுவுல பூசாரியாண்ட போய் சந்தேகம் கேட்டேன். போனு, வாட்சப்பு எல்லாம் பேச்சுலதான் சேரும்னுட்டாரு. லெட்டரு எழுதிக்கினா அம்மன் ஒண்ணும் சொல்லமாட்டாளாம்.

விஷயத்துக்கு வரேன். வூடு கட்டப் போறேன். அப்பா வுட்டுட்டுப் போன மனைய குறுக்கால கோணலா வெட்டி ஆளுக்கு ஒரு முக்கோணம் எடுத்துக்கினோம்ல, ரெண்டு பேருக்கும் தெரு வேணும்னு. உனக்குக் கெயக்குத் தெரு அறுவது அடி. எனக்கு மேக்குத் தெரு அறுவது அடி. நடுவுல குறுக்குக் கோடு நூறு அடி. அதெல்லாம் டேப்பு புடிச்சோம். என் பக்கத்துக் கால்வா ஓரம் மட்டும் முள்ளு மண்டி தண்ணி நின்னுகினு இருந்துச்சு, எவனும் எறங்கல. அளக்கவே வேணாம், எம்பது அடி வரும், ரெண்டு முக்கோணமும் அச்சு அசல் ஒண்ணுன்னு நீதான் பேப்பர்ல போட்டுச் சொன்ன. உன் பக்கம் எம்பது சரியா கீது. என் பக்கமும் எம்பதுன்னு வெச்சு இஞ்சினியரு பிளான் போட்டுக்கீறான்.

இப்ப தனசிங் மேஸ்திரி இன்னா சொல்றான்னா, கால்வாயும் மேக்குத் தெருவும் சேர்ற மூலையில, அந்த நாலாவது கல்லாண்ட, மூல நேரா கீதான்னு வெச்சுப் பாக்குற மூலமட்டம் ஒக்காரலங்கிறான். ஒரு தபா வந்து பாத்துட்டுப் போ. நீ வர்ற நேரத்துக்கு நான் லோடு அடிக்கப் போய்டறேன். என் மூஞ்சிய நீ பாக்க வேணாம்.

இப்டிக்கு
ஜெயவேலு


செம்பாக்கம்
24.6.2024

அண்ணாவுக்கு,

உங்க கடிதம் வந்தது. தாம்பரம் போஸ்ட் ஆபீஸைச் சுத்தி எட்டு கிலோமீட்டரைத் தாண்ட நாலு நாள் ஆகியிருக்கு. முட்டி வலி அப்படியேதான். ஸ்கூல்ல என் வகுப்பை ரெண்டாவது மாடிக்கு மாத்திட்டாங்க. அவர் மாத்திரை போடறார். அண்ணியைக் கேட்டதாச் சொல்லுங்க.

மனை விஷயத்துல நீங்க கவலைப்பட ஒண்ணுமே இல்லை. இது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு நான் வருஷா வருஷம் நடத்தற பாடம். ரெண்டு முக்கோணத்துலயும் ஒரு செங்கோணம் இருக்கு. செங்கோணத்துக்கு எதிர்ல இருக்கற நீளமான பக்கம், அதாவது கர்ணம், ரெண்டுக்கும் ஒண்ணேதான், அந்த நூறு அடி. இன்னொரு பக்கமும் சமம், அறுபது. செங்கோணம், கர்ணம், பக்கம். இது மூணும் சேர்ந்துட்டா மிச்சத்தை அளக்கவே வேண்டாம். ஒண்ணைத் தூக்கி இன்னொண்ணு மேல வெச்சா அப்படியே பொருந்தும். சர்வசமம்னு பேர். ஆளுக்கு ரெண்டாயிரத்து நானூறு சதுர அடி, சரியா ஒரு கிரவுண்டு.

மேஸ்திரியை வேற மூலமட்டம் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. மழையில ஊறின மரம் வளைஞ்சிருக்கும்.

உடம்பைப் பார்த்துக்குங்க.

ஹேமாவதி


முடிச்சூர்
7.7.2024

ஹேமாவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். சரசுக்கு மட்டும் பல்லு வலி. பெருங்களத்தூர் டாக்டராண்ட புடுங்கினு வந்தா. இன்னா புதுசா நீங்க வாங்கன்னு எழுதிக்கீற? நான் இன்னா உங்க ஸ்கூலு கரஸ்பாண்டென்டா?

மேஸ்திரி புது மூலமட்டமே வாங்கினான். இரும்பு. அதுவும் ஒக்காரல.

உன் லெட்டர நாலு தபா படிச்சேன். கர்ணம் ஒண்ணுதான், ஒத்துக்கறேன். அறுவது அடியும் ஒத்துக்கறேன், நானே டேப்பு புடிச்சேன். ஆனா மொத வரியிலயே ரெண்டுலயும் செங்கோணம் கீதுன்னு எழுதிக்கீற பாரு, அது கீதா இல்லியான்னுதான் நான் கேக்கறதே. உன் பக்கம் கீது. பக்கத்து வூட்டு மதிலு நேரா போவுது, தெருவும் நேரா கீது. என் பக்கம் கால்வா. அந்த எடத்துல கால்வா வளையும் ஹேமா. சின்ன வயசுல அதுல எரும மாட்ட எறக்கினவன் நானு. எங்க வளையும்னு கண்ண மூடினு சொல்வேன்.

தனசிங்கு கல்லச் சுத்தி கொஞ்சமா முள்ள வெட்டிட்டு கயிறு கட்டிப் பாத்தான். இந்தாண்ட மூணடி, அந்தாண்ட நாலடி அடையாளம் வெச்சு, குறுக்க அளந்தா அஞ்சடி வரணுமாம். அப்பதான் மூல நேரா கீதுன்னு அர்த்தமாம். அஞ்சடி நாலு இஞ்சி காட்டுது. பின்னாடி படம் போட்டுக்கீறேன். என் படம் கேவலமா இருக்கும், நெம்பர மட்டும் பாரு.

ஐப்பசி மழைக்கு முன்னாடி அஸ்திவாரம் போட்டாகணும். சீக்கிரம் எழுது.

ஜெயவேலு


செம்பாக்கம்
29.7.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுத மூணு வாரம் ஆயிடுச்சு, தப்பா நினைக்காதே. முதல் யூனிட் டெஸ்ட் பேப்பர் நூத்திப் பதினாறு திருத்தவேண்டி வந்தது. அண்ணிக்குப் பல்லு இப்ப எப்படி இருக்கு? வெதுவெதுப்பான உப்புத்தண்ணியில கொப்பளிக்கச் சொல்லு. இந்தத் தடவை மாம்பழம் விலை கேட்டியா? எங்க ஏரிக்கரையில காலையில நடக்கப் போறேன், முட்டிக்கு நல்லதுன்னாங்க. நடந்தா இன்னும் அதிகமா வலிக்குது. நீர்க்கோழி நிறைய வந்திருக்கு. எதிர் வீட்டுல மாடி கட்டறாங்க, நாள் பூரா டைல்ஸ் அறுக்கற சத்தம், தலை வெடிக்குது. அவருக்குப் போன வாரம் சுகர் நூத்தி எண்பது. இனிப்பை நிறுத்துங்கன்னா காபியில மட்டும்தான்னு சண்டைக்கு வர்றார்.

லாரிக்கு எஃப்சி காட்டிட்டியா? நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் டீயிலயே ஓட்டாதே.

கணக்கு பத்தி அப்புறமா எழுதறேன்.

உன் தங்கை
ஹேமா


முடிச்சூர்
10.8.2024

ஹேமா,

இங்க எல்லாம் நலம்னு வெச்சுக்கோ.

மூணு பக்கம் எழுதிக்கீற. மாம்பழம் கீது, நீர்க்கோழி கீது, மாப்ள சுகரு கீது. நாலாவது கல்லு ஒரு வரி கூட இல்ல. நான் உன்னாண்ட நீர்க்கோழியா கேட்டேன்?

தனசிங்கு தெனம் காலைல வந்து சாக்பீஸ் தூளப் போட்டு கோடு போடறான், அழிக்கிறான். பிளான்ல கீற எட்டாவது தூணு கால்வா தண்ணிக்குள்ள போய் நிக்குது. கம்பி வந்து எறங்கிடுச்சு. அவன் ஆளுங்க வேற வேலைக்குப் போய்டுவாங்க போல. பேஜாரா கீது. ராத்திரில தூக்கம் இல்ல, பகல்ல ஸ்டேரிங் புடிச்சா கண்ணு சொக்குது. போன வாரம் சேலையூர்ல ஒரு ஆட்டோக்காரன இடிக்க இருந்தேன்.

ரெண்டும் ஒண்ணா, ஒண்ணு இல்லியா? அத்த மட்டும் எழுது. ஒரே வார்த்த. கார்டுல எழுதினா கூட போதும்.

ஜெயவேலு


முடிச்சூர்
8.9.2024

ஹேமாவுக்கு,

ஒரு மாசமா லெட்டரு இல்ல. ஒடம்பு ஏதும் சரியில்லியான்னு உங்க தெருவுல தண்ணி எறக்குற சாக்குல வந்து பாத்தேன். மாடியில துணி காயப் போட்டுக்கினு இருந்த. நல்லாதான் கீற.

முள்ளு பூரா வெட்டியாச்சு. கால்வாயிலயும் தண்ணி வத்திப் போச்சு. நேத்து தனசிங்கும் நானும் அந்தக் கடைசில இருந்து இந்தக் கடைசி வரைக்கும் டேப்பு புடிச்சோம். வெயிலு ஜாஸ்தி. சரசு மோர் கொண்டாந்து குடுத்தா. ஒரு சாரப் பாம்பு கண்ணுல பட்டுச்சு, ஒண்ணும் பண்ணல, வுட்டுட்டோம்.

வேற விசேஷம் இல்ல.

ஜெயவேலு


செம்பாக்கம்
19.9.2024

அன்புள்ள அண்ணா,

நாங்க நலம். நீ தெரு வரைக்கும் வந்தும் மேல வராம போனது எனக்குக் கஷ்டமா இருக்கு. காலாண்டுப் பரீட்சை நடக்குது, அதான் எழுத முடியலை. முட்டிக்கு ஊசி போட்டிருக்கு.

முள்ளை வெட்டினது நல்லது. பாம்பு இருந்தா ஜாக்கிரதை. செருப்பு போடாம இறங்காதே.

எந்த மனையிலயும் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கத்தான் செய்யும் அண்ணா. அரை அடி, ஒரு அடி வித்தியாசத்தைப் பெரிசா எடுத்துக்க முடியாது. பதிவு பண்ணினது பண்ணினதுதான், இதைக் கிளறினா ரெண்டு பேருக்கும் அலைச்சல்னு அவரும் சொல்றார். தூணை ஒண்ணு ரெண்டடி உள்ள தள்ளிப் போட முடியுமான்னு இஞ்சினியரைக் கேட்டுப் பாரேன். வாஸ்துக்கும் அதுதான் நல்லதுன்னு எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர் சொன்னாங்க.

ஹேமா

பி.கு.: அளந்தோம்னு எழுதியிருக்கே. எத்தனை அடின்னு எழுதலையே?


முடிச்சூர்
2.10.2024

ஹேமா,

நல்லா இருப்பன்னு நெனக்கறேன்.

எத்தினி அடின்னு நான் சொல்லமாட்டேன். நீ வந்து பாரு, இல்லாங்காட்டி கணக்கு போட்டுப் பாரு. அஞ்சடி நாலு இஞ்சின்னு ஜூலைலயே எழுதிக்கீறேன். அத்த வெச்சு உனக்குப் போடத் தெரியாதா? வாஸ்துன்ற. கணக்கு டீச்சரு வாஸ்து பத்தி எழுத ஆரம்பிச்சா இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?

நீ எழுதாத ஒண்ண நான் எழுதறேன். மார்ச்சு மாசம், ரிஜிஸ்டர் ஆபீசு. கையெழுத்து போடச்சொல்ல நான் இன்னா கேட்டேன்? அந்த மூலைய ஒரு தபா பாத்துட்டு வந்து போடலாமான்னு கேட்டேன். அவ்ளோதான். அதுக்கு நீ, எட்டாங்கிளாஸ்ல ரெண்டு தபா ஃபெயிலானவரு எனக்கு ஜியாமெட்ரி சொல்லித் தர வேணாம்னு சொன்ன. பத்து பேரு இருந்தாங்க. சாட்சிக்கு வந்த ஏகநாதன் மாமா விழுந்து விழுந்து சிரிச்சாரு. பத்திரம் எழுதுற ஏசுதாசன் பேனாவ வெச்சுட்டு சிரிச்சாரு. நானும் கூட சேந்து சிரிச்சேன். வேற இன்னா பண்றது?

அன்னிலேந்து டீக்கடையில எம் பேரு ஜியாமெட்ரி. ஜியாமெட்ரிக்கு ஒரு டீ போடுன்றான். ஜியாமெட்ரி லாரி வந்துச்சான்னு பொம்பளைங்க கொடத்த வெச்சுக்கினு கேக்குதுங்க. வூட்ல சரசுவும், தங்கச்சி படிச்சவ, அவ சொன்னா சரியா இருக்கும், நீ கம்னு தூண தள்ளிப் போடுன்றா.

நெலம் கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போவுது. ஒரு ரூம கம்மியா கட்டிக்கினு படுத்துக்குவேன். ஆனா அன்னிக்கி நான் கேட்டது சரியா தப்பா? அத்த உன் வாயால கேக்காம நான் ஒரு செங்கல்லு வெக்கமாட்டேன். மழ வந்து கம்பி துரு புடிச்சாலும் புடிக்கட்டும்.

ஜெயவேலு


செம்பாக்கம்
20.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நல்லா இல்லை. அதையே முதல்ல எழுதிடறேன்.

வெள்ளிக்கிழமை ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு முடிச்சூர் வந்தேன். நீ லோடுக்குப் போயிருந்தே. அண்ணி தண்ணி குடுத்தாங்க. மேஸ்திரி டேப்பின் ஒரு முனையைப் பிடிச்சார், நான் இன்னொரு முனையைப் பிடிச்சுட்டுக் கால்வாய் ஓரமா நடந்தேன். சேத்துல செருப்பு மாட்டிக்கிச்சு. எழுபத்திரண்டு அடி. எண்பது இல்லை. நீ சொன்ன இடத்துலதான் கால்வாய் வளையுது. அந்த மூலை செங்கோணத்தைவிட அகலமா விரிஞ்சிருக்கு. செங்கோணம் இல்லைன்னா அந்தப் பாடமே அங்க செல்லாது. கர்ணம் ஒண்ணா இருந்தாலும், அறுபது அடி சமமா இருந்தாலும், ரெண்டு முக்கோணமும் ஒண்ணு கிடையாது.

இது எனக்கு வெள்ளிக்கிழமை தெரிஞ்சதில்லை அண்ணா. ஜூலையில உன் கடிதம் வந்த அன்னிக்கு ராத்திரியே, அஞ்சடி நாலு இஞ்சை வெச்சு சாப்பாட்டு மேஜையில போட்டுப் பார்த்தேன். ரெண்டு இஞ்ச் குறைய எழுபத்திரண்டு வந்தது. தப்பாப் போட்டுட்டேன்னு இன்னொரு தடவை போட்டேன். காம்பஸ் வெச்சு வரைஞ்சும் பார்த்தேன். அப்புறம் அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு உனக்கு மாம்பழம், நீர்க்கோழின்னு எழுதினேன். நீ தூங்காம லாரி ஓட்டறேன்னு எழுதின பிறகும் வாயைத் திறக்கலை. எனக்கே என்னைப் பிடிக்கலை.

வருஷா வருஷம் பிள்ளைங்ககிட்ட நான் கத்தற ஒரே விஷயம் இதுதான்: படத்தைப் பார்த்துச் செங்கோணம்னு எடுத்துக்காதே, கேள்வியில குடுத்திருக்கான்னு பாரு. எழுதாம விட்டா ரெண்டு மார்க் வெட்டுவேன். நான் ஏசுதாசன் ஸ்கேலை வெச்சு அழகா வரைஞ்ச படத்தைப் பார்த்தேன். நாலு மூலையும் நேரா இருந்தது. அந்த மூலையில போய்ப் பார்க்கவே இல்லை. பார்க்கலாமான்னு கேட்ட ஒரே ஆளை எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்தினேன். உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் அப்பவே வந்தது. அதனாலதான் அவ்வளவு காரமாப் பேசினேன்னு இப்பத் தோணுது.

உன் பங்குல ஏறக்குறைய இருநூத்தி அறுபது சதுர அடி குறையுது. பாதியை நான் தரணும். மதில் ஓரமா இருக்கற குறுக்குக் கோட்டுக் கல்லை என் பக்கம் நாலடி நாலு இஞ்ச் தள்ளி நட்டா சமமாயிடும். ரெண்டு தடவை சரிபார்த்தேன். நீ யாரை வெச்சு வேணாலும் இன்னொரு தடவை பார். திருத்தப் பத்திரத்துக்கு நான் வர்றேன். அவர்கிட்டயும் சொல்லிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டிருக்கார், சரியாயிடும்.

இதோட தனியா ஒரு பேப்பர் வெச்சிருக்கேன். அதுல இதுதான் எழுதியிருக்கேன்: "மார்ச் மாதம் பத்திரப் பதிவின்போது, மூலையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று என் அண்ணன் ஜெயவேலு சொன்னதுதான் சரி. பார்க்காமலே சமம் என்று சொன்னது நான். தப்பு என்னுடையது. மு. ஹேமாவதி, கணித ஆசிரியை." அந்தப் பத்து பேருக்கும் காட்டு. டீக்கடையில ஒட்டினாலும் ஒட்டு. நானே நேர்ல வந்து சொல்லணும்னாலும் சொல்லு, வர்றேன்.

மன்னிச்சுக்கோன்னு எழுதக் கை வரமாட்டேங்குது. ஆனா கேக்கறேன்.

ஹேமா


முடிச்சூர்
3.11.2024

ஹேமாவுக்கு,

நாங்க சௌக்கியம். உன் செருப்பு ஒண்ண தனசிங்கு சேத்துல இருந்து எடுத்து வெச்சுக்கீறான்.

கல்ல நாலடி நாலு இஞ்சி நவுத்திக்கறேன். வேணாம்னுலாம் சொல்லமாட்டேன், அது என்து. இஞ்சினியரு புதுசா பிளான் போட்டுட்டான். ரெண்டு நாளு வெயிலு காஞ்சா கான்கிரீட்டு போட்டுடுவோம். கம்பி லேசா துருதான், தேச்சா போய்டும்.

உன் பேப்பரு வந்த அன்னிக்கி வாசல்லயே நின்னு படிச்சேன். அப்புறம் நேரா தாம்பரம் போய் பத்து ஜெராக்சு எடுத்தேன். மொத காபி ஏகநாதன் மாமாவுக்குத்தான்னு முடிவு பண்ணி, மடிச்சு சட்டப் பாக்கெட்ல வெச்சுக்கினு அவரு வூட்டாண்ட போனேன். ஏழு மாசமா இன்னா பேசணும்னு மனசுல ஓட்டிக்கினு இருந்தேன் தெரியுமா? ஒவ்வொரு வார்த்தையும் ரெடி. வா ஜியாமெட்ரி, ஒக்காருன்னாரு. ஒக்காந்தேன்.

அவரு பேத்தி ஒம்போதாவது. கணக்குல முப்பது கூட தாண்டலியாம். பரீட்சப் பேப்பர தூக்கி என் மடியில போட்டாரு. உன் தங்கச்சியாண்ட டியூசன் வுடலாம்னு பாக்கறேன், அது நல்லா சொல்லிக் குடுக்குமா, கணக்குல ஸ்ட்ராங்கான்னு கேட்டாரு. அந்தப் பொண்ணு கதவு பக்கமா நின்னு என் வாயையே பாத்துக்கினு கீது.

பாக்கெட்ல கை வெச்சேன் ஹேமா. பேப்பரு தட்டுப்பட்டுச்சு.

ரொம்ப நல்லா சொல்லிக் குடுக்கும், எங்க ஏரியாவுலயே அதான் பெஸ்டுன்னேன்.

வூட்டுக்கு வந்து சரசுவ மட்டும் ஒக்கார வெச்சு முழுசா படிச்சுக் காட்டினேன். அவ கேட்டே ஆகணும். ரெண்டு தபா படிக்கச் சொன்னா. பத்து காபியும் பீரோவுல கீது. டீக்கடையில இன்னும் ஜியாமெட்ரின்னுதான் கூப்பிட்றான். கூப்பிட்டுட்டுப் போறான்.

பொண்ணு திங்கக்கெயம சாயங்காலம் அஞ்சு மணிக்கு உன் வூட்டுக்கு வரும். சந்தேகம் கேட்டா திட்டாத.

ஜெயவேலு